பதினான்கு நிமிட மழை

மின்விசிறியை மூன்றில் வையுங்கள், சிவசங்கர். இரண்டில் வைத்தால் கடகடவென்று ஒரு சத்தம் வரும். பேசிக்கொண்டிருக்கும்போது நமக்குத் தெரியாது. பிறகு ரெக்கார்டரைப் போட்டுக் கேட்டால் அது மட்டும்தான் கேட்கும். இந்த அறையில் நான் ஒன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில்.

சரி. இப்போது பரவாயில்லை.

பெயர் இளஞ்செழியன். தகப்பனார் பெயர் அய்யனார், விவசாயி. சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. மத்திய அரசின் ஊழல் தடுப்பு அமைப்பில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து, சென்ற வருடம் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். இந்த வாக்கியத்தை நாம் எல்லோருக்கும் எழுதுவோம். என் விஷயத்தில் அது உண்மை.

அன்று புகார் கொடுத்த ஜெயப்பிரகாஷ் இப்போது உங்களுக்கு எழுதிக் கொடுத்த நாலு பக்கத்தைப் படித்தேன். மறுக்கலாம். மூன்றரை வருடம் கழித்துப் புகார்தாரர் மாற்றிச் சொன்னால் நீதிமன்றம் சுலபத்தில் நம்பாது. ஆனால் மறுப்பதற்கு நிறையப் பேச வேண்டும். உண்மையைச் சொல்ல அவ்வளவு பேச வேண்டியதில்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது.

செல்லியம்மாளின் மனுவையும் படித்தேன். யாரோ எழுதிக் கொடுத்த மனு, கீழே கைநாட்டு. அவருடைய கணவர் சின்னக்கண்ணு கல்வராயன் மலையில் ஒரு கிளை அஞ்சலகத்தின் போஸ்ட் மாஸ்டர். லஞ்சம் வாங்கினார் என்று நான் பிடித்தேன். மூன்று மாதத்தில் இறந்துபோனார். நஷ்டஈடு வேண்டும் என்று மனுவில் இல்லை. அவர் அந்த நோட்டைத் தொட்டாரா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்று இருக்கிறது. நியாயமான கேள்விதான். வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

வெளியில் இருப்பவர்கள் நம்மைப் பெரிதாக நினைக்கிறார்கள். நம் எல்லை உங்களுக்குத் தெரியும். மத்திய அரசு ஊழியர், மத்திய அரசு நிறுவனத்தின் ஊழியர், அவர்களோடு சேர்ந்து தப்பு செய்தவர். அவ்வளவுதான். மாநில அரசு ஊழியர் என்றால் மாநிலம் ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது கோர்ட் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தனியாக ஒரு துறை இருக்கிறது. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர் நம் கண்ணெதிரே பணத்தை எண்ணிப் பையில் வைத்தாலும் நாம் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் எல்லைக்குள் ஒருவன் கிடைத்துவிட்டால் அது வேறு. வீட்டைச் சோதனை போடலாம். கைது செய்யலாம். வாங்கினான் என்பதை நாம் காட்டினால் போதும், எதற்கு வாங்கினான் என்பதை அவன்தான் விளக்க வேண்டும். சட்டத்துக்கு ரூபாயும் ஒன்றுதான், ஒரு படி சாமையும் ஒன்றுதான்.

அந்த வருடம் அக்டோபர் கடைசியில், ஊழல் ஒழிப்பு விழிப்புணர்வு வாரத்துக்கு, என்னைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினார்கள். சொந்த மாவட்டம், ஜனங்களோடு பேச வரும் என்று நம் எஸ்.பி. நினைத்தார். ஒரு கல்லூரி அரங்கம். முந்நூறு மாணவர்கள். எல்லோரையும் கை நீட்டச் சொல்லி உறுதிமொழி எடுக்க வைத்தேன். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் எங்களிடம் வந்து சொல்லுங்கள் என்றேன். டெல்லியிலிருந்து அச்சடித்து வந்த உரை. பார்க்காமலே சொல்வேன்.

வெளியே வந்தபோது ஜீப்புக்குப் பக்கத்தில் ஒருவன் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டு நின்றான். இருபத்தைந்து வயது இருக்கும். ஒலிபெருக்கிக்காரரிடம் கூலிக்கு வந்தவன்.

"சார், மேடையில பேசுனது நெஜமாங்க, இல்ல சும்மா மைக் டெஸ்டிங்கா?"

"எது?"

"எவனா இருந்தாலும் புடிப்போம்னீங்களே, அது."

அதுதான் ஜெயப்பிரகாஷ். வெள்ளிமலைக்கு மேலே அவன் ஊர். தங்கைக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. டிசம்பர் முடிவதற்குள் பழங்குடிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் நாலு மாதமாகக் கிடந்தது. அங்கே ஓர் உதவியாளர் பதினைந்தாயிரம் கேட்டிருந்தார்.

"அது மாநில அரசு ஆபீசுப்பா," என்றேன். "நாங்க மத்திய அரசு. எங்களுக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு சார் இம்மாம் பெரிய பேனரு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். மாநிலத் துறையின் எண் என் போனில் இருந்தது. அதைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அப்போது மனதில் எந்தத் திட்டமும் கிடையாது. வெயில் அதிகம், சீக்கிரம் கிளம்பினால் போதும் என்று இருந்தது. பழக்கத்தில் வேறொன்று கேட்டேன்.

"ஒங்க மலையில மத்திய அரசு ஆளு யாருப்பா?"

"ஆருமில்லீங்க. போஸ்ட்டாபீசு சின்னக்கண்ணு அண்ணன் ஒருத்தருதான்."

"அவரு இன்னா வாங்குவாரு?"

"அவரா? நாங்கதாங்க குடுப்போம். நூறுநாள் வேலை காசு, முதியோர் காசு எடுக்கப் போனா ஆரும் வெறுங்கையா போவ மாட்டாங்க. சாமை, புளி, தேனு. வூட்ல இன்னா கீதோ அது."

"கேப்பாரா?"

"கேக்கவே மாட்டாருங்க. வாணாம் வாணாம்னு கத்துவாரு. கேட்டாத்தான் குடுப்பாங்களா சார்? எங்கூர்ல அப்டி கெடையாது."

அவன் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீங்கள் அப்போது பயிற்சியில் இருந்தீர்கள். அந்த வருடம் நம் கிளைக்கு இருபது ட்ராப் இலக்கு, அதாவது இருபது பேரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். நவம்பர் முடிவில் பதினேழு. எஸ்.பி. யாரையும் திட்ட மாட்டார். கூட்டத்தில் ஒவ்வொருவர் பெயரையும் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் மெதுவாக வாசிப்பார். என் பெயருக்குப் பக்கத்தில் பூஜ்யம். ஒரு பெரிய ஆளைப் பிடிக்க ஆறு மாதம் பின்னால் அலைய வேண்டும், மேலிடத்து அனுமதி வேண்டும், பிறகு அனுமதி வராது. அப்படி இரண்டு கோப்புகளில் என் வருடம் போயிருந்தது. ஜனவரியில் இடமாறுதல் பட்டியல். அதற்கு முன் ஆறு வருடம் குவாஹாத்தியில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவன் நான். மகள் ராதிகா அப்போது பிளஸ் டூ. பரீட்சை முடிகிற வரைக்கும் வீட்டில் இருங்கள் என்று என் மனைவி கமலா கேட்டாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் அதிகம் கேட்டதில்லை.

டிசம்பர் முதல் வாரம் ஜெயப்பிரகாஷைக் கச்சிராயபாளையத்துக்கு வரச் சொன்னேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை.

"தங்கச்சி சர்ட்டிபிகேட்டு வந்துரும்," என்றேன். "ஒத்தப் பைசா குடுக்க வாணாம்."

"நெஜமாவா சார்?"

"நீ ஒரு புகார் எழுதிக் குடுக்கணும்."

யார்மேல் என்று சொன்னதும் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"சார், எங்கப்பா செத்தப்ப பாடைய மொதல்ல தூக்குன ஆளு சார் அவரு."

"அவருக்கு ஒண்ணும் ஆவாதுப்பா. சின்னக் கேசு. ரெண்டு மாசம் சஸ்பெண்டு. அப்பறம் வந்துருவாரு."

குற்றம் நிரூபணமானால் மூன்று வருடத்துக்குக் குறையாமல் சிறை. அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

"நான் பொய்யி எழுத மாட்டேங்க."

"அவரு தேன் வாங்குனது பொய்யா?"

"வாங்குனாருங்க. ஆனா..."

"அத்தத்தான் எழுதச் சொல்றேன்."

மூன்று நாள் எடுத்துக்கொண்டான். பிறகு வந்தான். நான் சொல்லச் சொல்ல அவன் கைப்பட எழுதினான். எழுதும்போது சாமையும் புளியும் தேனும் ரூபாயாக மாறின. அம்மாவின் கணக்கிலிருந்து பணம் எடுக்க இரண்டாயிரம் கேட்கிறார் என்று புகார் முடிந்தது. மலையில் யாரும் அந்தத் தொகையை நம்பமாட்டார்கள். சென்னையில் நம்பினார்கள்.

சான்றிதழ் விஷயமாக அந்த உதவியாளரிடமே போனில் பேசினேன். எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன். எழுந்து நின்று பேசுகிறவர் மாதிரி குரல் மாறியது. அவரை ஒன்றும் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. அவருக்கு அது தெரியவில்லை. கோப்பைத் தயார் செய்து வையுங்கள், நான் மெசேஜ் அனுப்பும் நாளில் முடித்துவிடுங்கள் என்றேன். செய்யறேங்க ஐயா என்றார். பதினைந்தாயிரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

டிசம்பர் பதினெட்டு. கள்ளக்குறிச்சியில் ஒரு லாட்ஜ் அறையில் முன்னேற்பாடு. இரண்டு அரசு சாட்சிகள். ஒருவர் இன்சூரன்ஸ் ஆபீஸ் வீரமணி. முன்பே நமக்கு இரண்டு முறை சாட்சியாக வந்தவர். இன்னொருவர் புதிதாகச் சேர்ந்த கிளார்க், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நோட்டில் பினாப்தலின் பவுடர் தடவுவது எப்போதும் கான்ஸ்டபிள் சுபாஷ். அந்தப் பவுடர் பட்ட விரலைச் சோடா உப்புக் கரைசலில் முக்கினால் கரைசல் சிவக்கும். தடவியவர் கூட வரக்கூடாது, அங்கேயே தங்கிவிட வேண்டும். வேறு யார் கையிலிருந்தும் பவுடர் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக அந்த விதி. அன்று சுபாஷை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு நானே தடவினேன்.

வீரமணி கேட்டார். "சார், பவுடர் போட்டவரு கூட வரக்கூடாதுன்னு போன தபா நீங்கதானே கிளாஸ் எடுத்தீங்க?"

"ஆள் இல்லீங்க. கை கழுவிக்கறேன்."

"கழுவிக்கினதா எழுதிடட்டுங்களா?"

"எழுதிடுங்க."

மகஜர் இரண்டாம் பக்கத்தில் அது இருக்கும். இன்ஸ்பெக்டர் தம் இரு கைகளையும் சோப்பால் கழுவிக்கொண்டார். பாருங்கள்.

மலை ஏறும்போதே மழை. கரியாலூர் தாண்டி ஜீப்புக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அந்த அஞ்சலகம் சின்னக்கண்ணுவின் வீட்டு முன்னறைதான். தகரக் கூரை. ஒரு மேசை, ஒரு இரும்புப் பெட்டி, சுவரில் தபால் துறையின் பழைய காலண்டர். சாட்சி ஒருவர் புகார்தாரரோடு உள்ளே போக வேண்டும். அறை சின்னது, சந்தேகம் வரும் என்று சொல்லி வீரமணியை என்னோடு வெளியே நிறுத்திக்கொண்டேன். ரெக்கார்டர் ஜெயப்பிரகாஷின் சட்டைப் பையில். மழையில் எங்களுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் அவன் வெளியே வந்து துண்டால் தலையைத் துவட்டினான். அதுதான் அடையாளம்.

உள்ளே போனேன். நோட்டுகள் மேசையின் ஓரத்தில் கிடந்தன. தேதி முத்திரையின் காம்பு அவற்றின் மேல் சாய்ந்திருந்தது. கையால் எடுத்த நோட்டு அப்படிக் கிடக்காது. இத்தனை வருடத்தில் அது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

"யாரு சார் நீங்க? இப்படி நனைஞ்சிட்டீங்களே," என்றார் சின்னக்கண்ணு. உள்ளே திரும்பி, "செல்லி, ஒரு துண்டு எடும்மே," என்றார்.

ட்ராப்பில் மணிக்கட்டைத்தான் பிடிக்க வேண்டும். பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். நான் விரல்களைப் பிடித்தேன். பயப்படாதீங்கண்ணே என்று சொல்லி, இரண்டு கையையும் என் கைக்குள் வைத்துக்கொண்டேன். வேண்டிய அளவுக்கு. என்ன நினைத்தாரோ, அவரும் என் கைகளைத் திருப்பி அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கரைசலுக்குக் கொண்டுபோன தண்ணீர் கேன் வழியில் ஜீப்பில் கவிழ்ந்திருந்தது. அந்த வீட்டுக் குடத்திலிருந்துதான் எடுத்தோம். செல்லியம்மாள் சொம்பில் கொண்டு வந்து, இரண்டு கண்ணாடி டம்ளரையும் துடைத்து வைத்தார். விருந்தாளி குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்திருப்பார். சோடா உப்பைக் கரைத்து, வலது கையை முக்கச் சொன்னேன். பிறகு இடது கை. இரண்டு டம்ளரும் நிறம் மாறின.

"இன்னா சார் இது, செம்பருத்தித் தண்ணி மாரி கீது?" என்றார் சின்னக்கண்ணு. குனிந்து பார்த்தார். வீரமணி என் கைகளைப் பார்த்தார். பிறகு காலண்டரைப் பார்த்தார்.

உதவியாளருக்கு மெசேஜ் அனுப்பினேன். மலையில் டவர் எப்போதும் கிடைக்காது. அன்று கிடைத்தது. மகஜரில் கையெழுத்துப் போடும்போது ஜெயப்பிரகாஷின் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தான். சான்றிதழ் வந்துவிட்டது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். சின்னக்கண்ணு இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

மலை இறங்கும்போது பின்சீட்டில் சின்னக்கண்ணு. முன்சீட்டில் நான் இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு ரெக்கார்டரைக் கேட்டேன். பதிவில் மழை நான் நினைத்த அளவுக்கு இல்லை. பேச்சு தெளிவாக இருந்தது.

"இன்னாடா இது, ஒங்கம்மா கணக்குல போடணுமா?"

"இல்லண்ணே. ஒனக்குத்தான்."

"எனக்கு இன்னாத்துக்குடா? பித்து கித்து புடிச்சிக்கிச்சா? எடு மொதல்ல. தேனு இருந்தா குடு, தின்றேன். காசெல்லாம் இந்த மேசை மேல வெக்காத, ஆபீசுடா இது."

"வெச்சிக்கண்ணே."

"எடுறான்னா. தங்கச்சி படிப்புக்கு வெச்சிக்க."

பிறகு முத்திரையின் மரக்காம்பு மேசையில் உரசுகிற சத்தம், கை படாமல் அதால் நோட்டைத் தள்ளியிருக்கிறார். இருமுறை கேட்டேன். பின்னால் அவர் சுபாஷிடம் இந்த ரோட்டில் எந்த வளைவில் ஜாக்கிரதையாகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். சுபாஷ் மலை ஏறுவதற்கு முன்பே கச்சிராயபாளையத்தில் வந்து சேர்ந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் பெயரை இதில் சேர்க்காதீர்கள்.

அடுத்த வாரம் மறுபடி மழை பெய்தது. நான் ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கச்சிராயபாளையம் போனேன். ஊருக்கு வெளியே ஒரு காலி மாட்டுக் கொட்டகை, தகரம் வேய்ந்தது. அதற்குள் நின்று வேறொரு மெமரி கார்டில் மழையைப் பதிவு செய்தேன். பழைய பதிவு பதினான்கு நிமிடம். இதுவும் பதினான்கு நிமிடம் வர வேண்டும். அதுவரை தும்மக் கூடாது, நகரக் கூடாது. கார்டில் தேதியை மாற்றுவது கஷ்டமான காரியமில்லை. பழைய கார்டுக்குப் பதில் இதைக் கோப்பில் வைத்தேன். மழைச் சத்தம் காரணமாக உரையாடல் தெளிவில்லை என்று அறிக்கையில் எழுதினேன். ஆய்வகத்திலும் அதையே சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பழைய கார்டை வீட்டுக்குப் போகும் வழியில் உடைத்துப் போட்டேன்.

ட்ராப் எண் பதினெட்டு. எஸ்.பி. கூட்டத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒன்று என்று வாசித்தார். ஜனவரிப் பட்டியலில் என் பெயர் இல்லை.

அஞ்சலகத்தைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். மலை ஜனங்கள் பணம் எடுக்கப் பதினோரு கிலோமீட்டர் இறங்கிப் போனார்கள். சின்னக்கண்ணு பதினாறு நாள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். ஒவ்வொரு திங்களும் காலை பத்தரைக்கு நம் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. திங்கள் பத்தரைக்குச் சென்னையில் இருக்க அவர் ஞாயிறு மதியமே மலையிலிருந்து கிளம்ப வேண்டும். வெள்ளிமலைக்கு ஒரு பஸ், கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ், சென்னைக்கு ஒரு பஸ். பத்து மணிக்கே வந்து அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். பதிவேடு என்னிடம்தான் இருந்தது.

முதல் திங்கள் ஒரு பாட்டில் கொண்டு வந்தார். பழைய சாராயப் பாட்டிலில் தேன், வாயில் மக்காச்சோளச் சக்கையால் அடைப்பு.

"இதெல்லாம் கூடாதுங்க," என்றேன்.

"ஒரு எடத்துக்கு வெறுங்கையா வந்தா நல்லா இருக்காதுங்க. கொழந்தைங்க இருக்குமில்ல வூட்ல?"

ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ராதிகாவுக்கு அந்த வாரம் தொண்டை கட்டியிருந்தது. கமலா வெந்நீரில் கலந்து கொடுத்தாள். அடுத்த முறை வந்தபோது, பாட்டில் இருந்தால் கொடுங்கள், மலையில் கண்ணாடிப் பாட்டில் கிடைப்பது கஷ்டம் என்றார். கழுவிக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்படி மூன்று முறை தேன் கொண்டு வந்தார்.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"நான் அந்தக் காசத் தொடலன்னுதான் எனக்கு நெனப்பு. ஆனா தண்ணி செவந்துச்சே. அத்தயே ரோசனை பண்ணிக்கினு கீறேன். நெனப்பு இல்லாம தொட்டிருப்பேனா சார்? வூட்ல செல்லியும் கேக்கறா. நீ தொட்டியா மாமா, உண்மையச் சொல்லு, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்றா."

அவர் குற்றம் சொல்லவில்லை. தெரிந்தவரிடம் விவரம் கேட்கிற மாதிரி கேட்டார். அறையில் வேறு யாரும் இல்லை.

"அது ரசாயனம்ங்க," என்றேன். "பொய் சொல்லாது."

தலையை ஆட்டினார். "அப்ப தொட்டிருப்பேன்," என்றார். அதற்குப் பிறகு வந்த திங்கள்களில் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கும் தொட்டிருப்பேன் என்றே சொன்னதாக ஜெயப்பிரகாஷ் எழுதியிருக்கிறான். வீட்டில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. செல்லியம்மாளின் மனுவைப் பார்த்தால் அங்கேயும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அந்த மாதம் ராதிகாவுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. பினாப்தலின் எப்போது நிறம் மாறும், எப்போது மாறாது என்று கேட்டாள். உட்கார வைத்து விளக்கினேன். முழு மதிப்பெண் வாங்கினாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு. மதியம் போன் வந்தது. பதினோராவது வாரம்.

"சார், சின்னக்கண்ணு பேசறேங்க. ஜொரம் ஜாஸ்தியா கீது. ரெண்டு நாளா எழுந்துக்க முடியல. இந்த ஒரு வாரம் வுட்டுட்டு அடுத்த வாரம் வரட்டுங்களா?"

"கோர்ட்டு கண்டிஷன்ங்க. மாத்த எனக்கு அதிகாரம் இல்ல."

"வரலன்னா இன்னா ஆவும் சார்?"

"ஜாமீன் ரத்தாவும்."

"சரிங்க. வந்துர்றேன்."

எனக்கு அதிகாரம் இல்லை என்பது சரி. ஒரு திங்கள் கையெழுத்து இல்லை என்பதை நான் கோர்ட்டுக்கு எழுதாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதும் சரி. அது அப்போதே எனக்குத் தெரியும். ஒரு வாரம் விட்டுக்கொடுத்தால் அடுத்த முறை வந்து மறுபடி ஏதாவது கேட்பாரோ என்று இருந்தது. மறுநாள் பத்தரைக்குப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதினேன். பதினொன்றரைக்குத் தகவல் வந்தது. சென்னை பஸ்ஸில், உளுந்தூர்பேட்டை தாண்டி, கண்டக்டர் டிக்கெட் கேட்டு எழுப்பியிருக்கிறார். எழவில்லை. போலீஸ் அனுப்பிய பொருள் பட்டியலில் ஒரு போர்வை, ஜாமீன் உத்தரவின் நகல், மாத்திரை அட்டை ஒன்று, தேன் ஒரு பாட்டில்.

குற்றம் சாட்டப்பட்டவர் இறந்ததால் வழக்கு அற்றுப்போனது. விசாரணை நடக்கவில்லை. ஆகவே அவர் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை, நிரபராதி என்றும் சொல்லவில்லை. ஜெயப்பிரகாஷின் தங்கை படிப்பை முடித்து இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். அவள் சேர்ந்த மறுமாதம்தான் அவன் உங்களிடம் வந்திருக்கிறான். அதுவரை காத்திருந்தது சரிதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

செல்லியம்மாளுக்குப் பதில் எழுதும்போது இப்படி எழுதுங்கள். சின்னக்கண்ணு அந்த நோட்டைத் தொடவில்லை. பவுடர் என் விரல்களிலிருந்து அவர் விரல்களுக்குப் போனது. நான் கை கழுவவில்லை. தெரிந்தேதான் கழுவவில்லை.

படித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் சரியாகத்தான் எழுதியிருப்பீர்கள். கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒன்று. எந்தப் பிரிவு, எந்த விதி என்று நீங்கள் பார்ப்பீர்கள். நானும் இந்த மூன்றரை வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். துறை ஓர் எண் கேட்டது, கொடுத்தேன். எல்லைக்குள் ஒருவர்தான் இருந்தார், அவரைப் பிடித்தேன். ஒரு பெண்ணின் படிப்பு ஒரு பைசா லஞ்சம் இல்லாமல் நடந்தது. இதில் எனக்கென்று ஒரு ரூபாய்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை.

தேன் மட்டும் வேறு. விசாரணையில் இருக்கும் ஒருவரிடமிருந்து அதை நான் வாங்கியிருக்கக் கூடாது. மூன்று பாட்டில். ஒரு பாட்டிலை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. முப்பத்தொரு வருடத்தில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான். அதை ஒப்புக்கொள்கிறேன், தனிப் பத்தியாக எழுதுங்கள். மற்றதெல்லாம் வேலை.